சங்கிலிக்குள் ஒரு சொட்டு எண்ணெய்

மனிதன் தன் கால்வலிமையைக் கொண்டே தூரத்தைக் கடப்பதற்காகக் கண்டுபிடித்த சாதனங்களுள் சைக்கிளைக் காட்டிலும் சிக்கனமான ஒன்றைக் காண்பது அரிது. அந்தச் சிக்கனத்துக்குக் காரணமான உறுப்புகளுள் மிகுந்த பாரத்தைச் சுமந்தும் மிகக் குறைந்த கவனிப்பைப் பெறுவது அதன் சங்கிலி. டயரில் காற்று இறங்கினால் உடனே தெரிந்துவிடுகிறது. பிரேக் கட்டை தேய்ந்தால் உயிர்ப்பயமே ஞாபகமூட்டுகிறது. ஹாண்டில்பாரும் மணியும் கண்முன் இருப்பதால் அவற்றைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொள்கிறோம். சங்கிலியோ கவருக்குள் மறைந்து ஓடுவதால், நடுவழியில் கழன்று பெடல் வெறுமனே சுற்றும் வேளையில்தான் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே நினைவுக்கு வருகிறது. அப்போதும், விரலெல்லாம் கறைபட அதைப் பற்களின்மேல் ஏற்றிவிட்டு, வீடு வந்ததும் கைக்கு எட்டிய எண்ணெயை மேலே ஊற்றிவிட்டு, செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாகத் திருப்தியடைந்துவிடுகிறோம். அப்படி ஊற்றிய எண்ணெயில் பெரும்பகுதி சங்கிலிக்குப் பிரயோஜனப்படுவதே இல்லை. அது எங்கே போய்ச் சேரவேண்டும், ஏன் அங்கே சேரவேண்டும் என்பதை ஒருமுறை அறிந்துகொண்டால், சங்கிலியைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டுவது வீட்டுத் திண்ணையிலேயே எவரும் செய்துகொள்ளக்கூடிய காரியம் என்பது விளங்கிவிடும்.

சங்கிலியே இல்லாத சைக்கிள்கள் ஒரு காலத்தில் இருந்தன. 1870-களில் இங்கிலாந்தில் ஓடிய உயரமான சைக்கிளில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டப்பட்டிருந்தன. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும் என்பதால், வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு உபாயம் இருக்கவில்லை; ஆகவே ஓட்டுகிறவரின் கால்நீளம் எதுவரை இடம் கொடுக்குமோ அதுவரை, ஐந்தடி விட்டம் வரையிலும்கூட, சக்கரம் வளர்ந்துகொண்டே போயிற்று. அதன் உச்சியில் உட்கார்ந்து போகிறவர், சிறு கல் ஒன்று தடுக்கினாலும் தலைகுப்புற விழும் அபாயத்தோடேயே பிரயாணம் செய்தார். இந்த நிர்ப்பந்தத்திலிருந்து சைக்கிளை விடுவித்தது சங்கிலி. கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் வெளிக்கொணர்ந்த ரோவர் சைக்கிளில் பின்சக்கரம் சங்கிலியால் இழுக்கப்பட்டது. இன்று நம் தெருக்களில் ஓடும் சைக்கிள்கள் யாவும் அதன் சந்ததிகளே. நம் நாட்டுச் சாதாரண சைக்கிளில் பெடலோடு சுழலும் செயின்வீலுக்கு 44 பற்களும் பின்னால் உள்ள பிரீவீலுக்கு 18 பற்களும் இருப்பதாக வைத்துக்கொண்டால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் ஏறக்குறைய 2.44 முறை சுற்றுகிறது. அதாவது, 28 அங்குலச் சக்கரம் 68 அங்குலச் சக்கரத்தின் வேலையைச் செய்கிறது. 5 அடி 8 அங்குல உயரமுள்ள சக்கரத்தின் வேகத்தை, தரையில் கால் ஊன்றிக்கொள்ளக்கூடிய ஆசனத்தில் இருந்தபடியே நாம் அனுபவிக்கிறோம்.

சங்கிலி என்ற கருத்து ஸ்டார்லிக்கு மிகவும் முற்பட்டது. லியனார்டோ டா வின்ஸியின் குறிப்பேடுகளிலேயே பற்சக்கரத்தில் பொருந்தும் சங்கிலிகளின் சித்திரங்கள் உண்டு. ஆனால் கருத்து வேறு, உழைத்து நிற்கும் பொருள் வேறு. 1864-இல் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற சங்கிலியில், ஆணிகள் மெல்லிய தகடுகளின் துளைகளிலேயே நேராக உராய்ந்து சுழன்றன. தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவே உராய்வைத் தாங்கும் இடம் என்பதால், ஆணியும் துளையும் விரைவில் தேய்ந்தன. ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட் 1879-இல் ஸ்லேட்டரின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கி, அதற்கடுத்த ஆண்டே இந்தக் குறைக்குப் பரிகாரம் கண்டார். உள்தகடுகள் இரண்டையும் ஒரு சிறு குழலால் இணைத்து, ஆணியை அந்தக் குழலின் முழுநீளத்திலும் படிந்து சுழலும்படி செய்தார்; குழலின் வெளிப்புறத்தில் தனியே சுழலும் உருளை ஒன்றையும் மாட்டினார். பாரம் பரந்த இடத்தில் விழுந்ததால் தேய்மானம் குறைந்தது. 1880-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்புத்தான் நம் வீட்டுச் சைக்கிளிலும் இன்றளவும் இருக்கிறது. 1903-இல் ரைட் சகோதரர்கள், அடிப்படையில் சைக்கிள் கடைக்காரர்களாகையால், தங்கள் ஆகாய விமானத்தின் விசிறிகளைச் சுழற்றுவதற்கும் சங்கிலிகளையே நம்பினார்கள். விசிறிகள் எதிரெதிராகச் சுழலவேண்டும் என்பதற்காக ஒரு சங்கிலியை எட்டு வடிவில் குறுக்காகப் போட்டார்கள் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

ஒரு கண்ணியைக் கண்ணருகே பிடித்து வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் ரெனால்டின் அமைப்பு பிரத்யக்ஷமாகத் தெரியும். வெளித்தகடுகள் இரண்டும் ஆணியின் முனைகளில் இறுக அறையப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு உட்புறமாக உள்தகடுகள். அவற்றின் நடுவே, நகத்தால் தள்ளினால் சுழலும் உருளை. உருளைக்குள் இருக்கும் குழல் உள்தகட்டோடு இறுகியிருப்பதால் சுழல்வதில்லை. அந்தக் குழலுக்குள் ஆணி கண்ணுக்கே தென்படாமல் கிடக்கிறது. சங்கிலியின் ஆயுள் முழுவதும் அந்தக் காணப்படாத இடத்தில், ஆணிக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மயிரிழை அளவான இடைவெளியில் நிர்ணயமாகிறது. எண்ணெயில்லாமல் நெடுநாள் ஓடிய சங்கிலியில், உள்தகடும் வெளித்தகடும் சேரும் சந்தில் செந்நிறத் தூள் கசிந்திருப்பதைக் காணலாம். குழலுக்குள் எஃகு எஃகை அரைத்துத் துருவாக்கி வெளியே தள்ளுகிறது என்பதற்கு அது அடையாளம்.

அங்கே விழும் பாரம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் ஏறும்போது எழுந்து நின்று, தன் எடை முழுவதையும் கிடைமட்டமாக நிற்கும் பெடலின்மேல் வைக்கிறார் என்போம். பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம் சுமார் 165 மில்லிமீட்டர். 44 பற்கள் கொண்ட செயின்வீலின் ஆரம் சுமார் 89 மில்லிமீட்டர். நெம்புகோலின் விதிப்படி, சங்கிலியின் மேற்பாதியில் 110 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இழுப்பு ஏற்படுகிறது. அந்த இழுப்பு முழுவதையும் ஒவ்வொரு மூட்டிலும், சுண்டுவிரல் நகத்தின் பரப்புகூட இல்லாத ஓர் இடம் தாங்குகிறது. தாங்கிக்கொண்டு சும்மாவும் இருப்பதில்லை. பற்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த மூட்டு மடங்கி நிமிரவும் வேண்டும். 44 பற்கள் உள்ள செயின்வீலில் ஏறும் மூட்டு எட்டு பாகையளவே மடங்குகிறது; 18 பற்கள் உள்ள பிரீவீலிலிருந்து இறங்கும் மூட்டோ இருபது பாகை திரும்பி நிமிர்கிறது. பாரம் மிகுந்த மேற்பாதியில் நிகழும் இந்த இரண்டு அசைவுகளில், சிறிய பற்சக்கரத்தில் நிகழ்வதே சங்கிலியைப் பெரிதும் தேய்க்கிறது. நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மூட்டும் மடங்குவதும் நிமிர்வதுமாக ஐயாயிரம் தடவைக்கு மேல் அசைகிறது. இவ்வளவையும் செய்துகொண்டு சங்கிலி நம் உழைப்பில் எவ்வளவை விழுங்குகிறது என்று 1999-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் ஆராய்ந்தபோது, தகுந்த நிலைமையில் நூற்றுக்கு 98.6 பங்கு சக்தி சிதறாமல் மறுமுனையைச் சேர்வதாகத் தெரியவந்தது. அந்த ஆராய்ச்சியின் மற்றொரு முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது: தூசியற்ற ஆய்வுக்கூடத்தில், எண்ணெய் இட்டதனால் இந்தக் கணக்கு அதிகமாக மாறவில்லை. மிதிப்பது இலகுவாகவேண்டும் என்பதைவிடச் சங்கிலி நீடிக்கவேண்டும் என்பதற்காகவே எண்ணெய் தேவைப்படுகிறது என்று நான் இதிலிருந்து கொள்கிறேன்.

சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தகடுகள் இழுபட்டு நீள்வதாக இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 110 கிலோ இழுப்புக்கெல்லாம் அந்த எஃகுத் தகடு வளர்ந்துவிடாது. ஆணி ஒருபுறமும் குழல் ஒருபுறமுமாகத் தேய்ந்து, மூட்டுதோறும் சிறிது தளர்வு ஏற்படுகிறது; அந்தத் தளர்வுகளின் கூட்டுத்தொகையே நீளமாகத் தெரிகிறது. சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே சரியாக அரை அங்குலம் இருக்கவேண்டும். அம்பத்தூரில் செய்த சைக்கிளானாலும் லூதியானாவில் செய்ததானாலும் பர்மிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்த பழையதானாலும் இந்த அளவு மாறுவதில்லை. ஓர் அடி நீளத்தில் 24 மூட்டுகள். மூட்டுக்கு 0.13 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் கூடிவிடும். சங்கிலி முழுவதிலும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத் தொய்வு வந்துவிடும். இந்தத் தேய்மானத்தில் இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. உள்தகடுகளில் குழல்கள் அசையாமல் இறுகியிருப்பதால், அங்கே உருளைக்கு உருளை உள்ள தூரம் பழையபடியே இருக்கிறது. வெளித்தகட்டுக் கண்ணியில்தான் இரு முனைகளின் தேய்மானமும் சேர்ந்து நீளம் கூடுகிறது. ஆகவே பழைய சங்கிலி ஒரே சீராக நீண்ட சங்கிலியாக இருப்பதில்லை. ஒரு கண்ணி சரியாகவும் அடுத்த கண்ணி நெடிதாகவும் மாறி மாறி அமைந்த கோணலான ஒன்றாகிவிடுகிறது. அரை அங்குலத்துக்கென்றே வெட்டப்பட்ட பற்களில் அது சரியாகப் படியாமல் பல்லின் முதுகில் ஏறி ஓடி, நாளடைவில் பற்களையும் கொக்கிபோல் வளைத்துவிடுகிறது.

இனிக் கழற்றும் விதம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கவரின் திருகுகளைக் கழற்றி எடுத்தபின், பெடலை மெல்லத் திருப்பிக்கொண்டே சங்கிலியைக் கவனித்தால், மற்றக் கண்ணிகளைப்போல் அறையப்படாமல், மீன்வடிவான சிறு வில்தகடு ஒன்றால் பிடிக்கப்பட்டிருக்கும் கண்ணி அகப்படும். அதைத்தான் கடைகளில் செயின் லாக் என்பார்கள். முழுக்கவர் உள்ள சைக்கிளில் பின்பக்கத்து மூடியைத் திறந்தால் அந்த இடத்துக்கு லாக்கைக் கொண்டுவந்துவிடலாம். முதலில் பின்சக்கரத்தின் இரு நட்டுகளையும் ஸ்பானரால் தளர்த்திச் சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளவேண்டும். சங்கிலி தொய்ந்தால்தான் லாக்கின்மேல் இழுப்பு இராது. பிறகு வில்தகட்டின் பிளந்த முனையைக் கட்டிங் பிளேயரின் ஒரு தாடையாலும் பக்கத்து ஆணியின் தலையை மற்றத் தாடையாலும் பிடித்து மெதுவாக அழுத்தினால், தகடு ஆணிகளின் பள்ளத்திலிருந்து வழுக்கி வெளிவரும். மற்றக் கையால் ஒரு துணியை அதன்மேல் போர்த்திக்கொள்வது நல்லது. துள்ளிப்போன வில்தகட்டை மண்ணில் தேடுவது வீண்வேலை. பக்கத்தகட்டையும் இரட்டை ஆணியையும் எடுத்தவுடன் சங்கிலி இரண்டாகிவிடும். முழுக்கவர் உள்ள சைக்கிளாயின், ஒரு முனையில் நீண்ட சணல்கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு மறுமுனையை இழுக்கவேண்டும். சங்கிலி வெளியே வரக் கயிறு அதன் இடத்தில் கவருக்குள் போய் நிற்கும். திரும்பப் பூட்டும்போது அந்தக் கயிறே சங்கிலியை இருட்டுக்குள் வழிநடத்திக் கொண்டுபோகும்.

கழற்றிய சங்கிலியைப் பழைய டப்பா ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் ஊறவைக்கவேண்டும். பெட்ரோலை இதற்கு ஒருபோதும் தொடக்கூடாது. அறையின் சாதாரண வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றத் தயாராக நிற்கிறது. மண்ணெண்ணெயையும் அடுப்பங்கரையில் வைக்கலாகாது. ஊறியபின் பழைய பல் பிரஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்து, சங்கிலியை மண்ணெண்ணெய்க்குள்ளேயே இப்படியும் அப்படியும் மடக்கி அசைத்தால், குழலுக்குள் புகுந்த கசடும் கலங்கி வெளியேறும். அடியில் படியும் வண்டலை விரலிடையே தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று இருக்கும், அது மணல். மணலின் பிரதானப் பொருளான குவார்ட்ஸ், கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவையில் 7-ஆம் ஸ்தானத்தில் இருப்பது. சாதாரண எஃகைக் கீறக்கூடியது. மேலே வழியவிட்ட எண்ணெய் தெருவின் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ள, அந்தத் தூசி எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகி, மிதிக்க மிதிக்கச் சங்கிலியை உள்ளிருந்து தின்கிறது. வெளியே கறுத்து மினுமினுக்கும் சங்கிலியைப் பார்த்து அது நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று எண்ணுவது இக்காரணத்தால்தான் தவறாகிறது. மண்ணெண்ணெய் தெளிவாக நிற்கும்வரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் தொங்கவிட்டு நன்றாக உலர்த்தவேண்டும். உள்ளே மண்ணெண்ணெய் தங்கினால் பிறகு இடும் எண்ணெயை அது நீர்த்துப்போகச் செய்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் நிலவும் ஒரு வழக்கத்தைப்பற்றிச் சொல்லியாகவேண்டும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் சமையலுக்கும் தலைக்கும் உகந்தவை, சங்கிலிக்கு உகந்தவையல்ல. தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடுகிறது. மார்கழி விடியற்காலையில் அது குழலுக்குள் கெட்டிப்பட்டு நிற்கும். நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் உள்ள கொழுப்பமிலங்கள் பல, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நாளடைவில் பிசினாக மாறும் சுபாவமுடையவை. எண்ணெய்ப் புட்டியின் வாயில் ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பிசுக்கே சங்கிலிக்குள்ளும் உண்டாகிறது. பூமியிலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெய்க்கு இந்தத் தோஷம் இல்லை. தையல் மெஷின் எண்ணெய் எளிதில் உள்ளே புகும், ஆனால் மழைக்காலத்தில் விரைவில் கழுவுண்டு போகும். மோட்டார் வண்டிக்கு ஊற்றும் என்ஜின் ஆயில் சிறிது கனமாக இருப்பதால் அதுவே மேல் என்பது என் அபிப்பிராயம். கிரீஸைச் சங்கிலியின்மேல் பூசுவதால் பயனில்லை; அது அந்த நுண்ணிய இடைவெளிக்குள் நுழையாது, தூசியை மட்டும் வரவேற்கும்.

எண்ணெயைச் சங்கிலி பூட்டியபின் இடுவதே சௌகரியம். பூட்டும்போது கவனிக்கவேண்டிய முக்கிய விதி ஒன்றுண்டு: லாக்கின் வில்தகட்டில் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும், அதாவது, மேற்பாதியில் அது முன்சக்கரத்தைப் பார்க்கவேண்டும். பிளந்த முனை முன்னால் இருந்தால், கவரிலோ துணியிலோ ஏதேனும் உரசும்போது அது பின்தள்ளப்பட்டுக் கழன்றுவிடும். பிறகு பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, இரு புறத்துக் கம்பிகளுக்கும் நடுவில் நிற்கும்படி சரிபார்த்து, நட்டுகளை முடுக்கவேண்டும். கீழ்ப்பாதியின் நடுவில் விரலால் தள்ளினால் அரை அங்குலம் ஆடவேண்டும். ஓர் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடையக்கூடாது. செயின்வீல் முற்றிலும் வட்டமாக ஓடுவது அபூர்வம், ஆகையால் பெடலைச் சுற்றிக்கொண்டே பார்த்து, மிக இறுக்கமாக நிற்கும் நிலையில் அந்த அரை அங்குல ஆட்டம் இருக்கும்படி வைக்கவேண்டும். அதைவிட இறுக்கினால் சங்கிலியோடு பின்சக்கரத்துப் பேரிங்குகளும் வீணே பாரம் சுமக்கும்.

இப்போது எண்ணெய்ப் புட்டியை எடுத்து, பெடலைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டே, ஒவ்வோர் உருளையின் இரு பக்கத்துச் சந்திலும் படும்படி ஒரே ஒரு சொட்டு விடவேண்டும். லாக்கிலிருந்து தொடங்கினால் திரும்ப அது வரும்போது முடிந்துவிட்டது என்று தெரியும். நுண்ணிய இடைவெளி தானாகவே எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரி எண்ணெயை ஏற்றுவதும் இதே தந்துகிக் கவர்ச்சியால்தான். ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் உலர்ந்த துணியால் சங்கிலியின் வெளிப்புறத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடவேண்டும். வெளியே எண்ணெய் இருந்ததற்கான அடையாளம் துருப்பிடிக்காத அளவுக்கு மட்டும் இருந்தால் போதும்.

கழுவிய சங்கிலி, பூட்டுவதற்கு முன், உலர்ந்து தொங்கும் வேளையிலேயே அதை அளந்து பார்ப்பதை மறந்துவிடக்கூடாது. நேராக இழுத்துப் பிடித்து, ஓர் எஃகு அளவுகோலின் தொடக்கத்தை ஓர் ஆணியின் மையத்தில் வைத்தால், 24-ஆம் கண்ணியின் ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்பது புதிய சங்கிலி. பதினாறில் ஓர் அங்குலம் கடந்திருந்தால் சங்கிலியை மட்டும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பற்கள் இன்னும் பிழைத்திருக்கும். எட்டில் ஓர் அங்குலம் கடந்துவிட்டால் பெரும்பாலும் பிரீவீலையும் சேர்த்தே மாற்றவேண்டியிருக்கும். வளைந்த பற்களின்மேல் புதுச் சங்கிலியைப் போட்டால், அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் அது துள்ளி வழுக்கும். புதுச் சங்கிலியைக் கடையில் கேட்கும்போது, எட்டில் ஓர் அங்குல அகலமுள்ளதையே கேட்டு வாங்கவேண்டும். கியர் சைக்கிள்களுக்கென்று வரும் ஒடுக்கமான சங்கிலியின் கண்ணிகளுக்குள் நம் சாதாரண சைக்கிளின் கனத்த பற்கள் நுழையமாட்டா. வாங்கிய சங்கிலி நீளமாக இருந்தால், பழையதின் பக்கத்தில் வைத்துக் கண்ணிகளை எண்ணி, மிகுதியை அந்தக் கடையிலேயே வெட்டி வாங்கிக்கொண்டு வரலாம். எண்ணும்போது நீளத்தை நம்பாமல் கண்ணிகளின் எண்ணிக்கையை மட்டுமே நம்பவேண்டும், பழைய சங்கிலிதான் தேய்ந்து நீண்டிருக்கிறதே.